சாப்பாட்டுக்குப் பின் எடுத்த ‘முன்’

முதலில் எடுத்தது ‘பின்’. காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில். ‘முன்’ எடுத்தது அன்றைக்கே மத்தியானம் மூன்று மணிக்கு, ஆறு பரோட்டாவும் இரண்டு கோலி சோடாவும் உள்ளே போன பிறகு.

வருஷம் 1987. மதுரை மேல மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடியில் எங்கள் ஸ்டூடியோ. வந்தவர் தபாலில் பவுடர் விற்கும் ஒரு கம்பெனியின் ஆள். தொப்பையைக் கரைக்கிற பவுடர். கார்டு எழுதிப் போட்டால் வி.பி.பி.யில் வரும், தபால்காரரிடம் பணத்தைக் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டியது. “அண்ணே, ரெண்டு படம் வேணும். ஒண்ணு தொப்பையோட, ஒண்ணு தொப்பை இல்லாம. ஒரே ஆள்” என்றார். நானும் வெள்ளந்தியாக, “ஆளைக் கூட்டிட்டு வாங்க, முதல் படத்த இப்ப எடுத்துருவோம். மூணு மாசம் கழிச்சு ரெண்டாவத எடுத்துக்கலாம்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எதுக்குண்ணே மூணு மாசம்? ஞாயித்துக்கிழமை உங்களுக்குக் கடை லீவுதான?”

கூட்டி வந்த பையன் ஒரு தேகப்பயிற்சி சாலையில் கர்லாக்கட்டை சுற்றுகிறவன். முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தான். ஐம்பது தண்டால் எடுக்கச் சொன்னேன். மேலெல்லாம் தேங்காயெண்ணெய் தடவினோம். பின்னால் கறுப்புத் திரை, பக்கவாட்டில் ஒரே ஒரு 500 வாட் விளக்கு. பக்க வெளிச்சம் தசையின் ஒவ்வொரு மேட்டுக்கும் கீழே ஒரு நிழலைப் போட்டுத் தரும். இல்லாத மேட்டையும் இருப்பதுபோல் காட்டும். “மூச்ச இழுத்துப் பிடிச்சுக்க தம்பி.” இரண்டு ஷாட். பத்து நிமிஷத்தில் முடிந்தது.

‘முன்’னுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. சாப்பிட்டு வந்தவனின் அரைஞாண் கயிற்றைத் தொப்புளுக்குக் கீழே இறக்கி, சதை மேலே பிதுங்குகிற மாதிரி இறுக்கிக் கட்டினோம். விளக்கைப் பக்கத்திலிருந்து எடுத்து நேர் எதிரே வைத்தேன். நேர் வெளிச்சத்தில் நிழல் இருக்காது, உடம்பு மாவு உருண்டைபோல் தட்டையாக, அகலமாகத் தெரியும். யாஷிகா கேமராவைத் தொப்புள் உயரத்துக்கு இறக்கி, எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போனேன். காலையில் சவரம் செய்த தாடையில் கண்மையைத் தொட்டுத் தேய்த்தோம். தலையைக் கலைத்தோம். தோளைத் தொங்கப் போடச் சொன்னோம். எல்லாம் சரி, ஆனால் பையன் சிரித்துக்கொண்டே இருந்தான். வயிறு நிறைந்தவனை அழுமூஞ்சியாக்குவது பெரும்பாடு. கடைசியில் கம்பெனி ஆள்தான், “ஏம்ப்பா, உனக்குப் பேசின அம்பது ரூவாயில பரோட்டாக் காசக் கழிச்சுக்கலாம்ல?” என்றார். பையனின் முகம் விழுந்தது. அந்த நொடியில் அமுக்கினேன்.

நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். இளைத்துக் காட்டும் விளம்பரத்தில் எல்லோரும் வலப்பக்கப் படத்தைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அந்தப் பையன் நிஜமாகவே அப்படித்தான் இருந்தான். செய்து எடுப்பது இடப்பக்கத்துப் படத்தைத்தான். உழைப்பெல்லாம் அதற்குத்தான் போகிறது.

எனக்கு டச்சிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் முதல் நாளே இரண்டு வரியில் பாடத்தை முடித்துவிட்டார். “நெகட்டிவ்ல பென்சில் வச்சா படத்துல வெளுக்கும். கத்தி வச்சா கறுக்கும். மிச்சமெல்லாம் கைப்பழக்கம்டா.” சாய்வான டச்சிங் மேஜையில் ஒரு பால் கண்ணாடி, அதன் பின்னால் விளக்கு, கண்ணாடி மேல் நெகட்டிவ். ஊசிபோல் சீவிய பென்சில், பட்டை தீட்டிய பிளேடு. கறுப்புத் திரைக்கு முன்னால் நிற்கிற ஆளின் இடுப்பை ஒடுக்க வேண்டுமானால், நெகட்டிவில் இடுப்பின் ஓரத்தைப் பிளேடால் மெல்லச் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடம் படத்தில் கறுத்துத் திரையோடு போய்விடும். சதை சேர்க்க வேண்டுமானால் ஓரத்துக்கு வெளியே பென்சில். அன்றைக்கு ‘பின்’னில் கத்தியும் ‘முன்’னில் பென்சிலும் வைத்தேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். பையன் இடது கட்டைவிரலில் ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருந்தான், ஏதோ வெட்டுக்காயம். இரண்டு படத்திலும் அதே துணி, அதே முடிச்சு. மூன்று மாதமாக ஆறாத காயம்! பத்திரிகையில் வந்தது. ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சதை சேர்ப்பது எனக்குப் புதிதில்லை. 1970களில் பெண்பார்க்கும் படங்களுக்கு வந்த வேலையில் பாதி அதுதான். “புள்ள ஒல்லியாத் தெரியுது, கன்னத்துல கொஞ்சம் சதை வச்சுக் குடுங்க” என்று தாய்மார்கள் காதோடு சொல்வார்கள். ‘பூசினாற்போல’ இருப்பதுதான் அழகு. தொண்ணூறுகள் பிறந்தபோது அதே தாய்மார்கள், அல்லது அவர்கள் சதை வைக்கச் சொன்ன அதே பெண்கள் தாய்மார்களாகி வந்து, “தாடையில கொஞ்சம் குறைச்சுக் குடுங்க” என்றார்கள். மேஜையும் பிளேடும் பென்சிலும் மாறவில்லை.

கடையை மகனிடம் விட்ட பிறகு எனக்கு ஒரே பொழுதுபோக்கு, இந்தத் தொழிலின் பழைய கதைகளைத் தேடிப் படிப்பது. முன்–பின் என்கிற இரட்டைப் படத்தை முதலில் யார் பிடித்தார்கள் என்று தேடப் போனால், இளைப்பு வியாபாரிகளுக்கு ரொம்ப முன்னாலேயே வேறு ஆட்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

உடம்பு இளைத்ததை ஊருக்குச் சொல்லிப் பேர் வாங்கியவர்களில் முன்னோடி லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருக்காரர் வில்லியம் பான்டிங். சவ அடக்க ஏற்பாடு செய்கிற தொழில். அரச குடும்பத்துச் சாவுகள் வரை அவர்கள் குடும்பம்தான் பார்த்தது. ஐந்தடி ஐந்தங்குல உயரத்தில் 202 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 92 கிலோ. குனிந்து செருப்பு வாரைக் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்னோக்கித்தான் இறங்குவார். காது மருத்துவர் ஒருவர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கையெல்லாம் நிறுத்தச் சொன்னார். சுமார் ஒரு வருஷத்தில் 46 பவுண்டு குறைந்தது. 1863இல் அதைச் சிறு புத்தகமாக எழுதி, முதலில் தன் செலவிலேயே அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். லண்டனில் அப்போது ஸ்டூடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பான்டிங் தந்தது படமில்லை, தேதிவாரியாக எடை போட்ட ஓர் அட்டவணை. தராசில் கண்மை தடவ முடியாது. இதனாலேயே எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

அடுத்து வருகிறவர் மருத்துவர் வில்லியம் கல். பசியே இல்லாமல் உடம்பு வற்றிப்போகிற இளம் பெண்களின் நோயைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1874இல் வெளியானது. அதில் ஒரு பெண்ணின் இரண்டு படங்கள், புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப் படங்கள். 1866இல் எடுத்ததில் 82 பவுண்டு எடையில் எலும்பும் தோலுமாக இருக்கிறாள்; 1868இல் 128 பவுண்டில் கன்னம் நிறைந்து இருக்கிறாள். உடல் எடையைக் காட்டும் முன்–பின் படங்களில் நான் பார்த்த மிகப் பழையது இதுதான். இதில் ‘முன்’ ஒல்லி, ‘பின்’ சதைப்பிடிப்பு! விற்பதற்கு கல்லிடம் எதுவும் இல்லை. அந்த முதல் படத்தை எடுத்தபோது, இரண்டாவது படத்துக்கு அந்தப் பெண் உயிரோடு இருப்பாளா என்பதே யாருக்கும் தெரியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு அதே லண்டனின் கிழக்குப் பக்கம் போனால் தாமஸ் பர்னார்டோவின் அனாதை இல்லம். நல்ல காரியம்தான், தெருவில் கிடந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறும் கூரையும் கொடுத்தார். 1874இல் ஸ்டெப்னியில் இல்லத்துக்குள்ளேயே ஒரு புகைப்படப் பிரிவைத் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளையும் வந்து சேரும்போது ஒரு படம், ஆளான பிறகு ஒரு படம். முன்னதில் கந்தல், அழுக்கு, வெறித்த பார்வை. பின்னதில் தொழில் கற்கும் பையனாக, கையில் கருவியோடு. இரண்டையும் அட்டையில் ஒட்டி நன்கொடை திரட்ட விற்றார்கள். ஓர் அட்டை ஆறு பென்ஸ், இருபது சேர்ந்தால் ஐந்து ஷில்லிங்.

ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்ற பாதிரியாரும் வேறு சிலரும் சேர்ந்து பர்னார்டோ மேல் பல புகார்களைக் கிளப்பினார்கள். 1877இல் நடுவர்கள் முன்னால் விசாரணை. புகார்களில் ஒன்று, படங்கள் பொய் என்பது. பிள்ளைகள் வந்து சேர்ந்தபோது இருந்த கோலம் அதுவல்ல, படத்துக்காகவே அவர்களைக் கந்தலாக்கி நிற்க வைத்தார்கள் என்று சொன்னார்கள். தீப்பெட்டியே விற்றிராத சிறுமி தீப்பெட்டி விற்பவளாகப் படத்தில் நின்றாள். பர்னார்டோவின் பதில்தான் கவனிக்க வேண்டியது. அந்தப் படங்கள் அந்தக் குறிப்பிட்ட பிள்ளையைக் காட்டுபவை அல்ல, அப்படிப்பட்ட ஒரு வகைப் பிள்ளைகளைக் காட்டுபவை என்றார். நடுவர்கள் மற்றப் பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தார்கள். ஆனால் ‘கலைப் புனைவு’ என்று சொல்லி இந்தப் படங்களைக் கண்டித்தார்கள்.

பர்னார்டோவின் வாதத்தைப் படித்தபோது எனக்குக் கம்பெனி ஆளின் குரல்தான் கேட்டது. “இந்தப் பையனுக்குத் தொப்பை இல்லைதான்ணே. ஆனா ஊர்ல எத்தன பேருக்கு இருக்கு?” என்று அவரும் சொன்னார். நல்லவர் ஒருவர் நல்ல காரியத்துக்காகச் சொன்னதும், பவுடர்காரர் வி.பி.பி.க்காகச் சொன்னதும் எழுத்துக்கு எழுத்து ஒரே நியாயம்.

அமெரிக்காவில் இது இன்னும் கசப்பான வேலைக்குப் போனது. பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில் 1879இல் ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார். முடியை வெட்டி, பெயரையும் பேச்சையும் மாற்றி, வெள்ளைக்காரனாக்கி அனுப்புவது நோக்கம். அந்த ஊர்ப் புகைப்படக்காரர் ஜான் சோட் எடுத்த முன்–பின் படங்கள் பள்ளிக்குப் பெரிய விளம்பரம். டாம் டார்லினோ என்ற நவஹோ இளைஞரின் ஜோடிப் படம் பிரசித்தம். 1882இல் நீண்ட தலைமுடி, காதணி, கழுத்தில் மணிகள், கறுத்த முகம். 1885இல் வெட்டிய தலை, கோட்டு, வெளுத்த முகம். மூன்று வருஷத்தில் மனிதனின் தோல் அப்படி மாறாது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கும். சிவப்பும் மஞ்சளும் கலந்த மாநிறத் தோல் அதில் இருப்பதைவிடக் கறுப்பாகவே விழும். மிச்சம், வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது. தொழில் தெரிந்தவன் கண்ணுக்கு அந்த இரண்டு படத்திலும் மாறியிருப்பது முதலில் வெளிச்சம், அப்புறம்தான் ஆள்.

உடம்பு வளர்க்கிற வியாபாரம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பான்டிங் கடை வைத்திருந்த அதே செயின்ட் ஜேம்ஸ் தெருவில் பின்னாளில் பயிற்சிக்கூடம் திறந்தவர் யூஜின் சாண்டோ. நம்மூரில் அவரை அறியாதவர்கள்கூடத் தினமும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்: கையில்லாத பனியனுக்கு ‘சாண்டோ பனியன்’ என்று பெயர். பட அதிபர் சின்னப்பா தேவருக்கு முன்னால் ஒட்டிய ‘சாண்டோ’வும் அந்த ஆளுடையதுதான். 1904–05இல் இந்தியா முழுக்கச் சுற்றி வித்தை காட்டிவிட்டுப் போனார். பளிங்குச் சிலைபோல் தெரிய உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு நிற்பார். பொடியும் வெளிச்சமும் நன்றாகவே தெரிந்த மனிதர்.

அவருக்கு அடுத்த தலைமுறையில் ‘முன்’ என்பதைப் படம் பிடிக்கும் சிரமமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். இத்தாலியிலிருந்து புரூக்ளினுக்கு வந்த ஏஞ்சலோ சிசிலியானோ, சார்லஸ் அட்லஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1929இல் சார்லஸ் ரோமன் என்ற விளம்பரக்காரரோடு கூட்டுச் சேர்ந்தார். தபால்வழி உடற்பயிற்சிப் பாடம். ‘பின்’னுக்கு அட்லஸின் நிஜமான உடம்பு, புகைப்படம். ‘முன்’னுக்கு? 97 பவுண்டுச் சொத்தைப் பையன். கடற்கரையில் முரடன் ஒருவன் அவன் முகத்தில் மணலை உதைக்கிறான், கூட இருந்த பெண் இளப்பமாகப் பார்க்கிறாள். எல்லாம் சித்திரக்கதை. வரைந்த ‘முன்’னை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்?

விசாரணை என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. டெட்ராய்ட்டில் ‘மார்மோலா’ என்று ஓர் இளைப்பு மாத்திரை. உள்ளே இருந்தது விலங்குகளின் தைராய்டு சுரப்பியை உலர்த்திப் பொடித்த சரக்கு. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தின்றால் இதயத்தைப் படுத்தும். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதன் விளம்பரத்துக்குத் தடை போட்டது. தயாரித்த ராலாடாம் கம்பெனி அதை எதிர்த்து நீதிமன்றம் போக, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1931இல் தீர்ப்பு. விளம்பரம் ஏமாற்றுகிறதா, மருந்து ஆபத்தானதா என்பதல்ல கேள்வி. இதனால் போட்டிக் கம்பெனி எதற்கு நஷ்டம் என்று ஆணையம் காட்டவில்லை, ஆகவே ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்றது நீதிமன்றம். மருத்துவர்களும் போட்டியாளர்கள் ஆகமாட்டார்கள் என்று சொல்லிவிட்டது. கம்பெனி ஜெயித்தது. மாத்திரை தின்று படுத்தவன் அந்த வழக்கில் கட்சிக்காரனே இல்லை! இந்த ஓட்டையை அடைக்க 1938இல் வீலர்–லீ சட்டம் வர வேண்டியிருந்தது. ஏமாந்த வாடிக்கையாளரும் ஒரு ஆள்தான் என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. மார்மோலா வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் போய் 1942இல் ஆணையத்தின் பக்கம் முடிந்தது.

இதற்கிடையில் 1933இல் அமெரிக்க உணவு, மருந்துத் துறை அதிகாரிகள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பழைய 1906ஆம் வருஷச் சட்டம் எவ்வளவு கையாலாகாதது என்று நாடாளுமன்றத்தாருக்குக் காட்டத்தான். பத்திரிகைக்காரர்கள் அதற்குக் ‘கொடூரக் கூடம்’ என்று பெயர் வைத்தார்கள். அதில் ஒரு முன்–பின் ஜோடி. முதல் படத்தில் அழகான ஒரு பெண், சாதாரணமாக எடுத்துக்கொண்ட படம். இரண்டாவது, ‘லாஷ் லூர்’ என்கிற இமைச்சாயம் போட்ட பிறகு: கண்கள் வெந்துபோன முகம். அவருக்குப் பார்வை போய்விட்டது. அழகுப் பொருள்களையும் கட்டுப்படுத்துகிற 1938ஆம் வருஷச் சட்டத்துக்கு அந்தப் படம் பெரிய காரணம்.

இந்த ஜோடியை நான் நம்புகிறேன். கல்லின் ஜோடியை நம்புவதும் இதே காரணத்தால்தான். இரண்டிலும் ‘முன்’னை எடுத்தவனுக்கு, ‘பின்’ என்று ஒன்று வரப்போவது தெரியாது. தெரிந்து எடுத்தால் அந்தக் கை சும்மா இருக்காது. அரைஞாண் கயிற்றை இறுக்கும்.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1954இலேயே மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் ஆட்சேபகர விளம்பரச் சட்டம் வந்துவிட்டது. எந்தெந்த நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று அதில் ஒரு பட்டியல். உடல் பருமன் அதில் இருக்கிறது, ஆள் உயரமும் இருக்கிறது. முதல் தடவை மாட்டினால் ஆறு மாதம் வரை சிறை. விளம்பரம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் நோட்டீஸ், லேபிளோடு நிற்காமல் ஒளி, ஒலி, புகை மூலம் செய்கிற அறிவிப்பு வரை சேர்த்திருக்கிறார்கள். புகையையும் விடவில்லையே என்று ரசித்தேன். ஆனால் மருந்து என்றால் என்ன என்ற இடத்தில் ஒரு சின்னச் சொற்றொடர்: உடம்பின் அமைப்பை மாற்றும் பொருள், ‘உணவு நீங்கலாக’. நான் படம் எடுத்துக் கொடுத்த பவுடரின் டப்பாவில் என்ன போட்டிருந்தது தெரியுமா? ‘சத்துணவு மாவு’. இந்தச் சட்டம் இருப்பதே எனக்குத் தெரிந்தது இருபது வருஷம் கழித்து, பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு வக்கீல் சொல்லி. கம்பெனி ஆளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

அப்புறம் நடந்ததையெல்லாம் வேகமாகச் சொல்லிவிடலாம். கம்ப்யூட்டர் வந்தது, 2000இல் ஃபோட்டோஷாப்பில் ‘லிக்விஃபை’ என்று ஒரு கருவி வந்து, நான் அரை நாள் சுரண்டிய இடுப்பை அரை நிமிஷத்தில் உள்ளே தள்ளியது. 2001இல் வெளியான 300 இளைப்பு விளம்பரங்களை அமெரிக்க வர்த்தக ஆணையம் எடுத்துப் பார்த்தது; 42 சதவீதத்தில் முன்–பின் படங்கள் இருந்தன. மூலையில் பொடி எழுத்தில் ‘எல்லோருக்கும் இதே பலன் கிடைக்காது’ என்று போட்டுவிட்டால் போதும் என்கிற சலுகையை 2009இல் எடுத்துவிட்டார்கள். இத்தனை நாளில் இத்தனை கிலோ என்று உணவுப் பொருளுக்குச் சொல்லவே கூடாது என்று ஐரோப்பாவில் 2006ஆம் வருஷ விதி. 2008இல் கிறிஸ் பெல் என்ற அமெரிக்க இயக்குநர், ஊக்கமருந்து பற்றிய தன் ஆவணப்படத்தில் தன்னையே ஒரே நாளில் முன்னும் பின்னுமாகப் படம் எடுக்க வைத்துக் காட்டினார். அதைப் பார்த்துப் பலர் அதிர்ந்தார்களாம். எனக்குப் பரோட்டா வாசனைதான் வந்தது.

சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. 1988இல் என் மச்சினன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பத்திரிகைத் துண்டு, என் படம். நான் எடுத்தது என்று அவனுக்குத் தெரியாது. “அத்தான், இவன் வயித்தப் பாருங்க, மூணே மாசம்! நானும் எழுதிப் போட்டுட்டேன்.” டப்பா 85 ரூபாய், மூன்று டப்பா. “எனக்கும் ஒரு ‘முன்’ எடுத்து வைங்க. தையில ‘பின்’ எடுத்துக்கலாம்” என்றான். அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியும்.

எடுத்தேன். என்னை அறியாமலே விளக்கைப் பக்கவாட்டில் வைத்திருந்தேன், தாடையை நிமிர்த்தச் சொல்லியிருந்தேன், மூச்சை இழுக்கச் சொல்லியிருந்தேன். ‘முன்’னிலேயே நன்றாக வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தோறும் தையல்கார நாடாவால் இடுப்பை அளந்து காலண்டரில் குறித்துவந்தான். தை வந்தது, மாசி வந்தது. ‘பின்’ எடுக்க அவன் வரவேயில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருஷம் பழைய பெட்டியை ஒழித்தபோது அந்தச் சுருள் கிடைத்தது. ஊட்டியில் செய்த இந்து ஃபிலிம், வெட்டாத துண்டு. முதலில் இரண்டு பிரேம் ‘பின்’, அதை ஒட்டியே மூன்று பிரேம் ‘முன்’; கடைசியில் பையன் சிரிக்கிற ஒன்று. மச்சினனைக் கூப்பிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். கட்டைவிரல் துணியைக்கூடக் கண்டுபிடித்தான். அப்புறம் கையை நீட்டி, “மூணு டப்பா, எரநூத்தி அம்பத்தஞ்சு ரூவா. எடுங்க அத்தான்” என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். வட்டி கேட்கவில்லை.